நாலாம் நம்பரின் மாமனார்

துறைமுகக் கால்பந்து அணி ஆடுகிற நாளில் மைதானத்துக்குள் கண்ணைக் கட்டி உங்களைக் கொண்டுபோய் விட்டாலும் கண்ணாடிக்காரர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று சொல்லிவிடுவீர்கள். அப்படி ஒரு தொண்டை. கோச்சும் மாற்று ஆட்டக்காரர்களும் உட்காரும் பெஞ்சுக்கு நேர் பின்னால் அவருடைய இடம். அதற்குப் பக்கத்து இடம் என்னுடையது.

வார நாட்களில் பார்த்தால் இவரா அவர் என்று இருக்கும். கடைத்தெருவின் கோடியில் ஜன்னல் கண்ணாடி வெட்டிக் கொடுக்கிற கடை. கட்டரை மண்ணெண்ணெயில் தொட்டு, மரச்சட்டத்தை ஒட்டி ஒரே இழுப்பு; பிறகு அடியில் ஒரு தட்டு. அவ்வளவுதான், கேட்ட அளவுக்குத் துண்டு கழன்று வரும். வேலை நேரத்தில் யாரும் சத்தமாகப் பேசினால் பிடிக்காது. தொழிற்சாலையிலிருந்து கண்ணாடி ஏற்றிவருவது என் வண்டிதான். பலகையை இறக்கும்போது, "மெதுவா... உன் பக்கம் லேசா தூக்கு..." என்று தூங்கும் குழந்தைக்குப் பக்கத்தில் பேசுகிற மாதிரிதான் பேசுவார். அவர் வீட்டு அண்ணி சொல்வார்: "வாரம் பூரா சேர்த்து வைக்கிறாரு. சனிக்கிழமை மொத்தமா கொட்டிட்டு வர்றாரு. நல்லதுதான், வீட்டுல கொட்டாம இருக்காரே!"

அவர் கத்துவது வெறும் கத்தல் இல்லை. ஆட்டத்தைப் பார்த்துக் கத்துவது. பாதி நேரம் தப்பாகவும் இருக்கும், அது வேறு விஷயம். ஆனால் அவர் ஆரம்பித்தால் ஸ்டாண்டு முழுக்கப் பிடித்துக்கொள்ளும். அதிலும் அந்தக் கோச்சுக்கு ஒரு பலவீனம் உண்டு. ஸ்டாண்டு கத்தினால் முதலில் கையைக் கட்டிக்கொண்டு காதே கேட்காதவர் மாதிரி நிற்பார். கொஞ்ச நேரம் போனதும் தனக்கே தோன்றியது போல ஆளை மாற்றிவிடுவார். அப்படிக் கண்ணாடிக்காரர் மாற்றவைத்த ஆட்கள் எத்தனையோ பேர்.

அந்தக் கோச்சைப் பற்றி நல்லதாக எழுத எனக்குக் கை வராது. எங்கள் டீம் காலங்காலமாகக் கீழே நின்று, கோலுக்கு முன்னால் சுவர் எழுப்பி ஆடிய டீம். இவர் வந்ததும் பின்வரிசை ஆட்கள் எல்லாரும் பாதி மைதானம் வரைக்கும் ஏறி நிற்க வேண்டும் என்றார். எதிராளி பந்தை அவர்கள் தலைக்கு மேலே தூக்கிப் போட்டால் திரும்பி ஓட வேண்டும். ஓடக் கால் வேண்டாமா? நடுவில் நிற்கிற நாலாம் நம்பர், தலையால் முட்டுவதில் அவனை அடிக்க ஆள் கிடையாது. கோலுக்கு முன்னால் நின்றால் பாறை. ஆனால் திரும்பி ஓடச் சொன்னால் பார வண்டி திரும்புகிற கதைதான். வேகமாக ஓடுகிற ஒரு பையன் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பான்.

"ஒண்ணு, கீழ எறங்கி நில்லு. இல்ல, நாலை மாத்து. ரெண்டும் மாட்டேன்னா நீ எதுக்குய்யா நிக்கிறே?" என்று கண்ணாடிக்காரர் கோச்சின் முதுகைப் பார்த்துக் கத்துவார். "நாலை மாத்து!" என்று அந்தப் பக்கமே அதிரும்.

இப்படி இருக்கையில் அவருடைய ஒரே மகள் வந்து, தான் ஒருவரை விரும்புவதாகச் சொன்னாள். கிளப் அறையில் உடைந்த ஜன்னலுக்குக் கண்ணாடி வாங்கக் கடைக்கு வந்தபோது பழக்கமாம். யார் என்று கேட்டார். சொன்னாள். நான் அப்போது கடையில்தான் இருந்தேன். மனிதர் கட்டரைக் கீழே வைத்துவிட்டார்.

"பதினோரு பேர் ஆடுறாங்க. பெஞ்சுல வேற ஒரு கூட்டமே உட்கார்ந்திருக்கு. அத்தனை பேர்ல ஒருத்தன் கூடவா உன் கண்ணுல படல?"

"கண்ணுல பட்டவரைத்தாம்பா சொல்றேன்."

"அவனுக்குத் திரும்பவே வராதும்மா!"

"என்னைப் பார்த்துத் திரும்பினாரு, அது போதும்," என்றாள். அப்பனுக்குத் தப்பாத பெண்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. பையன் தங்கம். அதிகம் பேசமாட்டான், கேட்டதற்குப் பதில், மாமனாரைக் கண்டால் எழுந்து நிற்பது. இவரும் வீட்டில் "வாங்க மாப்பிள்ளை", "சாப்பிட்டீங்களா மாப்பிள்ளை" என்று மரியாதைக்குக் குறை வைக்கவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு வந்த முதல் ஆட்டத்தில் பந்து அவன் தலைக்கு மேலே போனதும் பழக்கதோஷத்தில் துள்ளி எழுந்தார். எழுந்த பிறகு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"நாலு... நாலாவதா நிக்கிறவரை மாத்துங்க!" என்றார்.

ஸ்டாண்டே விழுந்து விழுந்து சிரித்தது. "சம்பந்தம் ஆயிட்டா மரியாதையாத்தான் வெளிய அனுப்புவாரு!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். கோச் மாற்றவும் செய்தார். மறுநாள் மாப்பிள்ளை கடைக்கு வந்து, "மாமா, தொண்டை எப்படி இருக்கு? வெந்நீர் வைக்கச் சொல்லவா?" என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போனான். அந்த வீட்டில் அது பெரிய விஷயமாகவே இல்லை. மாமனார் கத்துவார், கோச் மாற்றுவார், மாப்பிள்ளை வெளியே வந்து தண்ணீர் குடிப்பான்.

போன சீசனில்தான் எல்லாம் மாறியது.

அவனுக்குத் துறைமுகக் கோடவுனில் தற்காலிக வேலை. அந்த சீசன் முடியும்வரை ஆடுகிற பதினோரு பேரில் இருந்தால் வேலையை நிரந்தரம் செய்வதாக நிர்வாகம் சொல்லியிருந்தது. மகள் வேறு அப்போது மாசமாக இருந்தாள். சீசன் பாதி போயிருக்கும். அவர்கள் வீட்டுக் குளியலறை ஜன்னலுக்குக் கண்ணாடி போட நானும் அவரும் போயிருந்தோம். ஓரத்துக்குப் பட்டிப் பசை வைத்துக்கொண்டிருந்தவர் திடீரென்று கையை நிறுத்தினார். மாப்பிள்ளை மாடியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தான். யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பு. கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து, பக்கவாட்டில், நண்டு மாதிரி இறங்கினான்.

வண்டியில் திரும்பி வரும்போது, "முட்டி போச்சுடா," என்றார். "அதை வச்சுக்கிட்டு அந்த மடையன் இவரைப் பாதி கிரவுண்டுல நிறுத்துறான். உடம்பையே உடைச்சிடுவான்."

"சனிக்கிழமை ஒரு கத்து கத்துங்க. மாத்திடுவாரு."

"அதைத்தான் பண்ணப்போறேன்."

பண்ணவில்லை. அவர் பார்த்ததை மகள் பார்த்துவிட்டாள். மறுநாளே கடைக்கு வந்தாள்; உட்காரக்கூட இல்லை.

"அப்பா, முட்டின்னு பேச்சு வந்தா டாக்டர் சீட்டு கேப்பாங்க. வேலை அவ்வளவுதான். நீங்க கத்துனா அந்தக் கோச் கேப்பாரு. இவரை வெளிய உட்கார வச்சா அதுவும் போச்சு. இந்த சீசன் முடியட்டும். அதுவரைக்கும் வாயைத் திறக்கமாட்டேன்னு சொல்லுங்க."

"அந்தக் காலோட ஆடுனா..."

"எனக்குத் தெரியாதாப்பா? ராத்திரியெல்லாம் ஒத்தடம் கொடுக்கிறவ நான். சொல்லுங்க."

சொன்னார். அவள் தலையில் கையை வைத்துச் சொன்னார். மாப்பிள்ளைக்கு இது தெரிய வேண்டாம் என்று அவள் கேட்டுக்கொண்டாள்; அதற்கும் சரி என்றார்.

அதற்குப் பிறகு அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தது மாதிரிக் கொடுமை இல்லை. ஒவ்வொரு வாரமும் அதே பந்து, அதே தலை, அதே கோல். முன்சீட்டின் சட்டத்தை இவர் பிடித்திருக்கிற பிடியில் விரல் வெளுத்துப்போகும். "என்னண்ணே, பல்லைப் பிடுங்கிட்டாங்களா?" என்று கேட்பார்கள். "மாப்பிள்ளை வீட்டுச் சாப்பாடு தொண்டையை அடைச்சுடுச்சு போல," என்பார்கள். முன்பென்றால் ஒன்றுக்கு ஒன்பதாகத் திருப்பிக் கொடுத்திருப்பார். இப்போது வெறுமனே தலையை ஆட்டினார். டீம் பட்டியலில் கீழே கீழே போனது. கோச் என்னவோ ஏறி நிற்கச் சொல்வதை விடவில்லை. வேகக்காரப் பையனைப் பெஞ்சிலிருந்து எழுப்பவும் இல்லை. ஸ்டாண்டு சும்மா இருக்கிறதே, எல்லாம் நன்றாகத்தான் போகிறது என்று நினைத்திருப்பார்.

கடைசி ஆட்டத்தில் தோற்காமல் இருந்தால் போதும், முதல் டிவிஷனில் தங்கிவிடலாம். தோற்றால் கீழ் டிவிஷன். மாப்பிள்ளை வழக்கம்போல நாலாம் நம்பரில் இறங்கினான். முதல் பாதியில் ஒரு கோல் போட்டோம். மாப்பிள்ளை தலையால் முட்டிய கோல் அது. கண்ணாடிக்காரர் என்னைக் கட்டிக்கொண்டார். ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் முகத்தில் ரத்தம் ஓடியதைப் பார்த்தேன்.

இரண்டாவது பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் பந்து மேலே போனது. மாப்பிள்ளை திரும்பினான். திரும்பிய இடத்திலேயே கால் மடங்கி உட்கார்ந்தான். கோல்கீப்பர் ஓடிவந்து பந்தை எடுத்துவிட்டான். இவன் உடனே எழுந்து, லேஸைச் சரிசெய்கிற மாதிரி குனிந்து, நிமிர்ந்து நடந்தான். நொண்டவில்லை. நொண்டாமல் இருக்க என்ன பாடுபட்டான் என்பது எங்கள் இரண்டு பேருக்கும்தான் தெரிந்தது.

அப்போது அவன் பார்த்தான். கோச்சை இல்லை. பெஞ்சுக்குப் பின்னால், எங்களை. நேராக மாமனாரின் கண்ணைப் பார்த்தான். எடுக்கவே இல்லை.

"பார்த்தியா," என்றார் அவர். "கத்திடாதீங்க மாமான்னு கெஞ்சுறாருடா."

"ஆமாண்ணே," என்றேன். எனக்கும் அப்படித்தான் பட்டது.

முன்னாலிருந்தவர்கள் திரும்பினார்கள். "அண்ணே, நாலுக்கு என்னமோ ஆயிடுச்சு. ஒரு குரல் கொடுங்கண்ணே, நாங்க பிடிச்சுக்கிறோம்."

"ஒண்ணும் இல்ல. ஆடட்டும்."

இரண்டு மூன்று பேர் தாங்களாகக் கத்திப் பார்த்தார்கள். ஒட்டவில்லை, அடங்கிப்போனது. கோச்சே ஒரு முறை தலையைத் திருப்பி எங்கள் பக்கம் பார்த்தார். கண்ணாடிக்காரர் துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். கோச் திரும்பிக்கொண்டு இன்னும் ஏறி நிற்கச் சொல்லிக் கையை வீசினார்.

பிறகு நடந்ததை நீட்டி எழுத மனசு வரவில்லை. ஒரு பந்து மேலே போய் சமமானது. ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் இன்னொன்று. மாப்பிள்ளை திரும்பி நாலு எட்டு ஓடினான். யாரும் தொடவில்லை. தானாக விழுந்தான். அங்கே கோல் விழுந்து எதிராளிகள் ஒருவர் மேல் ஒருவர் ஏறிக்கொண்டிருந்தார்கள்; இங்கே இவன் புல்லைப் பிடித்துக்கொண்டு கிடந்தான். ஸ்ட்ரெச்சரில் தூக்கிப்போனபோது முகத்தைக் கையால் மூடியிருந்தான்.

டீம் கீழே போனது. முட்டியை அறுத்து என்னென்னவோ செய்தார்கள். இனி ஆட்டம் கிடையாது, பாரமும் தூக்கக்கூடாது என்றார்கள். பாரம் தூக்க முடியாதவனுக்குக் கோடவுனில் என்ன வேலை? நிர்வாகம் வருத்தத்தோடு கைவிரித்துவிட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாள் பார்க்கப் போனோம். மாப்பிள்ளை கட்டுப்போட்ட காலை ஸ்டூலில் நீட்டி உட்கார்ந்திருந்தான். மகள் நிறைமாத வயிற்றோடு துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஆட்டத்தைப் பற்றிய பேச்சை யாரும் எடுக்கவில்லை. வெயில், மருந்து, மின்விசிறியின் சத்தம் என்று பேச்சு எங்கெங்கோ போனது. அவனாகத்தான் ஆரம்பித்தான்.

"மாமா, அன்னைக்கு உங்களைத்தான் பார்த்தேன்."

"பார்த்தேன் மாப்பிள்ளை. அதான் உசிரே போனாலும் சரின்னு வாயைத் திறக்கல."

அவன் புரியாமல் பார்த்தான். "கத்துவீங்கன்னுதான் பார்த்தேன்."

அவனே தொடர்ந்தான்.

"கடைசி மேட்ச்ல இறங்கியாச்சு, பதினோரு பேர்ல பேர் வந்தாச்சு. அவங்க கேட்டது அவ்வளவுதானே? நானா கையைத் தூக்கியிருந்தா முட்டின்னு எழுதிடுவாங்க. நீங்க கத்தினா மாமனார் கத்தினாரு, மாத்திட்டாங்கன்னு போயிருக்கும். எப்பவும் நடக்கறதுதானே? வெளிய வந்து உட்கார்ந்திருப்பேன். அந்தப் பையனும் ஓடியிருப்பான்." கொஞ்சம் நிறுத்தினான். "கொஞ்ச நாளாவே நீங்க கத்தறதில்ல. என்மேல ஏதோ கோபம்னு நினைச்சேன் மாமா."

மகளின் கையில் மடித்த துணி அப்படியே இருந்தது. "நான்தாங்க கத்தக்கூடாதுன்னு சொன்னேன்," என்றாள். "என் தலையில அடிச்சு சத்தியம் வாங்கினேன்." சொல்லிவிட்டு உள்ளே போனாள். குழாயைத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது. அது நிற்க நேரமானது.

கண்ணாடிக்காரர் குனிந்தார். மாப்பிள்ளையின் காலுக்கு அடியில் நழுவியிருந்த தலையணையைச் சரிசெய்தார். திரும்ப ஒருமுறை சரிசெய்தார்.

புது சீசன் தொடங்கிவிட்டது. நான் மட்டும் போகிறேன். அதே கோச், அதே ஏறி நிற்கிற கூத்து, கீழ் டிவிஷன் டீம்களிடமே உதை வாங்குகிறோம். போன் பண்ணிச் சொன்னால் "ம்" என்பார், வைத்துவிடுவார். ஆட்டம் நடக்கிற நேரத்தில் அவர் மகள் வீட்டில் இருக்கிறார். முட்டி மடங்க வேண்டும், தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பேத்தியை மகளிடம் விட்டுவிட்டு மாப்பிள்ளையைத் தெருக்கோடி வரைக்கும் நடத்திக் கூட்டிப்போகிறார்.

போன வாரம் அந்தப் பக்கம் கண்ணாடி இறக்கப் போனவன் வண்டியிலிருந்தே பார்த்தேன். மாப்பிள்ளை ஊன்றுகோலோடு முன்னால், இவர் அரை எட்டு பின்னால். ஒரு கை அவன் முதுகுக்குப் பக்கத்திலேயே, தொடாமல். பழக்கடைக்கு முன்னால் அவன் நின்றுவிட்டான். உதட்டைக் கடித்துக்கொண்டு எதிர்ச்சுவரைப் பார்த்தான்.

"வலிக்குதா மாப்பிள்ளை?"

"இல்ல மாமா."

"முகத்தைப் பார்த்தெல்லாம் எனக்குத் தெரியாது. வாயைத் திறந்து சொல்லுங்க. வலிக்குதா?"

"இல்ல மாமா, நடக்கலாம்," என்று அவன் அடுத்த அடியை எடுத்துவைத்தான்.