ஸ்கேன் சிடியில் விழுந்த கீறல்

போன ஆவணி மாதம், ஒரு சனிக்கிழமை காலை. காஞ்சிபுரம் செவிலிமேட்டில் எங்கள் வீட்டுக் கூடத்தில், புது லேப்டாப்பைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தேன். கையில் ஒரு சிடி.

என் கணவரின் தலை ஸ்கேன் அதில்தான் இருந்தது. நான்கு வருடங்களுக்கு முன் அவருக்குத் தலைசுற்றல் வந்தபோது எடுத்தது. காதுக்குப் பின்னால் உள்ளே சின்னதாக ஒரு கட்டி, வளராதவரை தொடத் தேவையில்லை என்றார்கள். அவர் ஒரகடத்துக்கு ஆட்களை ஏற்றிப்போகும் கம்பெனி பஸ் டிரைவர். இப்போது மறுபடியும் தலைசுற்றல். புதிதாக ஸ்கேன் எடுத்தோம். சென்னை டாக்டர், "பழைய படத்தையும் பென் டிரைவ்ல போட்டுக் கொண்டுவாங்க. வளர்ந்திருந்தா ஆபரேஷன்தான்" என்று சொல்லி, திங்கட்கிழமை வரச் சொன்னார். பழைய ஸ்கேன் எடுத்த இடத்தை எப்போதோ மூடிவிட்டார்கள். மிச்சம் இந்த ஒரு சிடிதான்.

பள்ளிக்கூட வேலைக்காக நான் வாங்கிய லேப்டாப்பில் சிடி போட இடமே இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். வெளியே இருந்து செருகுகிற டிரைவ் இரண்டை எடுத்து வைத்தார் கடைக்காரர். ஒன்று தடியாக இருந்தது, அதன் ஒயரில் கம்ப்யூட்டரில் செருக இரண்டு முனைகள். இன்னொன்று மெலிசாக, ஒரே முனையோடு அழகாக இருந்தது. "எதுக்கும்மா வேணும்?" என்று கேட்டார். கட்டி என்ற வார்த்தை வாயில் வரவில்லை. "சும்மா, வீட்டுக்குத்தான்" என்று சொல்லி, மெலிசானதை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை சிடியைப் போட்டேன். விர்ரென்று சுற்றும், டக்கென்று நின்றுபோகும். திரும்பச் சுற்றும், திரும்ப நிற்கும். திரையில் ஒன்றும் வரவில்லை. பட்டனை அமுக்கினால் தட்டும் திறக்கவில்லை. சிடி உள்ளேயே மாட்டிக்கொண்டது என்று பதறி, முன்னால் இருந்த சின்ன ஓட்டையில் ஊக்கை விட்டுக் குத்தினேன். தட்டு சட்டென்று திறந்தது. சிடி இன்னும் சுற்றிக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. கையை வைத்தேன். அது எகிறி, தட்டில் கரகரவென்று உரசி நின்றது.

எடுத்துத் திருப்பினேன். பளபளப்பான பக்கத்தில், விரல் நீளத்துக்கு வளைவாக ஒரு கீறல்.

படுத்திருந்தவர் உள்ளே இருந்து, "ஓடுச்சாம்மா?" என்று கேட்டார்.

"ஒயர் சரியில்லைங்க. கடைக்குப் போய் மாத்திக்கினு வந்துடறேன்" என்றேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவரிடம் இவ்வளவு சுலபமாக நான் பொய் சொன்னதில்லை.

சிடியைக் கைக்குட்டையில் சுற்றி, டிரைவோடு மடியில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் போனேன். பழைய படம் இல்லையென்றால் டாக்டர் என்ன செய்வார்? சந்தேகத்துக்காகவே தலையைத் திறந்துவிட்டால்? அதற்குப் பிறகு இவர் ஸ்டியரிங் பிடிப்பாரா? எல்லாம் என் ஒரு கையால். இறங்க வேண்டிய நிறுத்தம்கூடத் தாண்டிவிட்டது.

கடைக்காரர் பார்த்துவிட்டு, "கீறல் விழுந்துட்டா படிக்கிறது கஷ்டம்மா" என்றார். அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் காலி டிவிடி வாங்கிக்கொண்டிருந்த ஒரு பெண், என்னைவிடச் சின்னவள், குனிந்து, "இன்னாக்கா இருக்குது அதுல?" என்று கேட்டாள்.

அப்போதுதான் முதல்முறையாக வெளியாள் ஒருவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"நான் கல்யாண வீடியோ எடிட் பண்றேன்க்கா. இந்தக் கடைக்கு மேல மாடியிலதான். வாங்க" என்று கூட்டிப்போனாள்.

அவள் உடனே சிடியைப் போடவில்லை. ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள்.

"இங்க பாருங்கக்கா. உள்பக்கம் வட்டமா கொஞ்சம் நிறம் மாறித் தெரியுதா? அதுவரைக்கும்தான் எழுதியிருக்குது. சிடியில உள்ள இருந்து வெளிய பார்த்துதான் எழுதும். கீறல் ஓரத்துல, காலி எடத்துல விழுந்திருக்குது." பிறகு என் டிரைவைப் பார்த்துவிட்டு, "இதுக்குக் கரண்ட் பத்தியிருக்காது. அதான் நின்னு நின்னு போயிருக்குது. ரெண்டு முனையிலயும் கரண்ட் இழுக்கறதா எடுத்திருக்கணும்" என்றாள்.

தன்னுடைய பழைய கம்ப்யூட்டரில் சிடியைப் போட்டாள். திரையில் பச்சைக் கோடு பாதி தூரம் ஓடி அப்படியே நின்றது. அவள் மவுசிலிருந்து கையை எடுத்துவிட்டாள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, கோடு மறுபடி நகர்ந்தது.

"பேரு சரியா இருக்குதா பாருங்க" என்றாள். சாம்பல் நிறப் படத்தின் மூலையில் என் கணவரின் பெயர். படிக்க முடியாமல் கண்ணீர் மறைத்தது. பென் டிரைவில் ஒன்றும், பத்திரத்துக்கு இன்னொரு சிடியில் ஒன்றும் போட்டுக் கொடுத்தாள்.

திங்கட்கிழமை டாக்டர் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் அளந்தார். "வளரல. அப்படியேதான் இருக்கு" என்று சொல்லி, தலைசுற்றலுக்கு மாத்திரை எழுதினார். திரும்பும் வழியில் பஸ்ஸில் கணவரிடம் நடந்ததைச் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் என் பக்கம் திரும்பி, "தனியாவே பயந்துக்கினு இருந்தியா?" என்று மட்டும் கேட்டார்.

கஷ்டத்தை வெளியே சொல்லாமல் இருப்பதுதான் கெட்டிக்காரத்தனம் என்று எண்ணியிருந்த நான், முகம் தெரியாத ஒருத்தியிடம் வாய் திறந்ததால்தான் அன்று தப்பித்தேன் என்பதை நினைத்தால், இன்றும் உள்ளங்கை லேசாக வியர்க்கிறது.