பெட்டிக்குள் அடங்காத பெயர்கள்

மூன்று வருடச் சனி, ஞாயிறுகளைத் தின்றுவிட்டு அந்த நிரல்தொகுப்பு ஒருவழியாக முடிந்தது. வலைப்பக்கத்தின் குறியீட்டையும், எது எங்கே எந்த அளவில் நிற்க வேண்டும் என்று சொல்லும் ஸ்டைல்ஷீட்டையும் கொடுத்தால், பிரவுசர் இல்லாமலேயே அச்சடிக்கத் தயாரான பக்கமாக மாற்றிக் கொடுக்கும். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் இலவசமாகப் போடுவதாக இருந்தேன். கோவில்பட்டியில் இதை யாரிடம் சொன்னாலும் "சும்மாவா?" என்றுதான் கேட்டார்கள். கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துவிட்டது.

அந்த நேரத்தில்தான் அக்கா மகளுக்குக் கல்யாணம் கூடியது. பத்திரிகையை நான் செய்துதருகிறேன் என்று வாயைக் கொடுத்தேன். வெளியிடுமுன் ஒரு நிஜ வேலையில் ஓட்டிப் பார்க்கலாம் என்ற ஆசை, வேறொன்றுமில்லை. எங்கள் பக்கத்துப் பத்திரிகையில் பாதி இடம் பெயர்களுக்கே போய்விடும். பெரியப்பாமார், சித்தப்பாமார், அத்தைமார், கடைசியில் தாய்மாமன்மார். எல்லாரையும் ஒரே பெட்டிக்குள் அடுக்கினேன். பெட்டியைத் தாண்டும் வரி பக்கத்தைக் கெடுக்காமல் இருக்க, அதை மறைத்துவிடு என்று ஸ்டைல்ஷீட்டில் நானே எழுதியிருந்தேன்.

அச்சுக்குப் போகிற அன்று காலையில் ஓட்டப்பிடாரத்திலிருந்து அத்தான் வீட்டார் இன்னும் ஐந்து பெயர்களை வாட்ஸப்பில் அனுப்பினார்கள். சேர்த்தேன். திருத்திய பக்கத்தை வாட்ஸப்பில் இருந்த சொந்தக்காரர்களுக்கு அனுப்பினேன். அவரவர் தம் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சரி என்றார்கள். நானோ ஓரங்கள் நேராக இருக்கின்றனவா என்று பார்த்தேன். நேராகத்தான் இருந்தன.

முதல் பத்திரிகை தாய்மாமனுக்கு. எங்கள் மூத்த அண்ணன் எட்டயபுரத்துக்கு அருகில் கரிசலில் மக்காச்சோளம் போடுகிறவர், வாட்ஸப்பெல்லாம் கிடையாது. அக்காவும் அத்தானும் தட்டில் வெற்றிலை பாக்கு, பழம் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழ்வரை படித்தார். மறுபடியும் படித்தார். பத்திரிகையைத் தட்டிலேயே திருப்பி வைத்துவிட்டுச் சோளக்காட்டுக்குப் போய்விட்டார். தாய்மாமன் மாலை எடுத்துக் கொடுக்காமல் எங்களில் கல்யாணம் ஏது? போனில் அக்கா அழுத அழுகையில் எனக்குப் பாதிதான் விளங்கியது. பத்திரிகையை எடுத்துப் பார்த்தால், கடைசியில் இருந்த தாய்மாமன்மார் வரியையே காணோம்.

மறுநாள் பஸ் ஏறினேன். அண்ணன் தொழுவத்தில் நின்றிருந்தார்.

"ஏலே, அது நீ எழுதின புரோகிராமுதானா?"

"ஆமாண்ணே. பெட்டிக்குள்ள அடங்காத வரிய அதுவா மறைச்சிட்டு. யாரும் வேணும்னு செய்யல."

"மறைக்கணும்னு அதுக்குச் சொல்லிக் குடுத்தது யாரு?"

நான் அசட்டுத்தனமாக, "என் பேருந்தான் போயிட்டுண்ணே," என்றேன்.

"உன் பேரு போனது நான் பத்திரிகையத் திருப்பி வைக்கிற வரைக்கும் உனக்குத் தெரிஞ்சுதா? எனக்குத் தெரிஞ்சுதுலே," என்றார்.

வெட்கமாக இருந்தது. அவர் கோபப்பட்டுக் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பெட்டியைப் பெரிதாக்கி, புதிதாக அச்சடித்து, மறுபடியும் தட்டு வைத்தோம். அண்ணன் கல்யாணத்துக்கு வந்தார். மாலை எடுத்துக் கொடுத்தார், மணமக்களுக்குத் திருநீறு பூசினார். பந்தியில் இலை போட்டு அக்கா கூப்பிட்டபோது, "மாட்டுக்குத் தண்ணி காட்டணும்த்தா, வாரேன்," என்று செருப்பைத் தேடினார். கை நனைக்காமல் போகிற அண்ணனை அக்கா மண்டப வாசல்வரை பார்த்துக்கொண்டே நின்றாள். நான் கூட்டத்துக்குள் ஒதுங்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நிரலில் ஒன்றை மாற்றினேன். ஒரு வரி அடங்காவிட்டாலும் பக்கத்தை உருவாக்காமல் நின்றுவிடும். எந்த வரி அடங்கவில்லை என்று காட்டும். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சோற்றுத் தூக்கத்தோடு, அதை இணையத்தில் ஏற்றினேன். மூன்று வருடம் நினைத்திருந்த சந்தோஷம் வரவில்லை. கரண்ட் போகாமல் ஏறி முடிந்ததே என்றிருந்தது.

நான்காம் நாள் முதல் கடிதம் வந்தது. எந்த நாட்டுக்காரரோ தெரியாது. நன்றி இல்லை, புகார். எந்தப் பிரவுசரும் இப்படி முரண்டு பிடிக்காது, மறைக்கச் சொன்னால் மறைத்துவிட்டுப் போவதுதான் முறை, கடைசி ஒன்றிரண்டு வரிகளை யாரும் கவனிக்கப் போவதில்லை என்று எழுதியிருந்தார். முறைப்படி அவர் சொன்னது சரிதான். எனக்கும் யாரோடும் வாதாடத் தெம்பில்லை. பழையபடி மாற்ற ஒரே ஒரு வரி போதும். அதை அடித்தும்விட்டேன்.

பிறகு சேமிக்காமல் மூடினேன். அண்ணன் இன்னும் அக்கா வீட்டில் கை நனைக்கவில்லை.