கார் போர்ச்சில் இரண்டு மோட்டார்கள்

என் கோபத்தைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் இதைப் படிப்பவர்கள் என் வீட்டுக்காரர் மேல்தான் தப்பு என்று நினைத்துவிடுவார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வந்தால் கையில் இருப்பது பறக்கும். ஐந்து நிமிடத்தில் எல்லாம் தணிந்து, "சாப்டீங்களா?" என்று நானே போய்க் கேட்பேன். அந்த ஐந்து நிமிடத்தை எதிரில் இருப்பவர் எப்படிக் கடக்கிறார் என்று நான் யோசித்ததே கிடையாது.

நாற்பத்திரண்டு வயதில் எனக்கு மோட்டார் ஓட்ட வேண்டிய கட்டாயம் வந்தது. மலேசியாவில், எங்கள் ஜொகூரில் மோட்டார் சைக்கிளை மோட்டார் என்றுதான் சொல்வோம். பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் எனக்குக் காலை ஷிஃப்ட் வேலை. பல வருடங்களாகத் தொழிற்சாலை பஸ் எங்கள் தாமான் குடியிருப்பு வாசலில் நின்று ஏற்றிக்கொண்டு போகும். ஒரு நாள் அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டினார்கள்: அடுத்த மாதத்திலிருந்து பஸ் எங்கள் குடியிருப்புப் பக்கம் வராது. என்னோடு ஏறிய இரண்டு பெண்களும் அவரவர் புருஷன் காரில் தொற்றிக்கொண்டார்கள். என் வீட்டுக்காரர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர். நாலரை மணிக்கெல்லாம் மோட்டாரை எடுத்துக்கொண்டு பாலம் தாண்டப் போய்விடுவார். எங்களிடம் கார் கிடையாது. போர்ச்சில் அவருடைய பெரிய மோட்டாரும், அவர் ஓட்டிக் கழித்துப் போட்ட பழைய கப்சாயும்தான் நின்றன. கப்சாய் என்பது கிளட்ச் பிடிக்கத் தேவையில்லாத சின்ன மோட்டார். காலால் கியர் போட்டால் போதும்.

"இது சைக்கிள் மாதிரிதான்மா, ஒரே நாள்ல வந்துடும்," என்றார்.

வரவில்லை. முதல் ஞாயிற்றுக்கிழமை போர்ச்சுக்குள்ளேயே முன்னும் பின்னும் நகர்த்திப் பழகினேன். அவர் வாசற்படியில் தேத்தண்ணி டம்ளரோடு உட்கார்ந்திருந்தார். நான் கையை முறுக்கிக்கொண்டே கியரை மிதித்துவிட்டேன். மோட்டார் ஒரே எம்பாக எம்பிப் போய்க் கேட்டில் மோதியது.

"கைய முறுக்கிக்கிட்டே கியர் போடாதேன்னு சொன்னேன்ல?" என்றார். சத்தம்கூடப் போடவில்லை, சும்மா சொன்னார்.

"சொன்னீங்க, சொன்னீங்க! நீங்க பொறக்கும்போதே மோட்டார்லதான் வந்து எறங்குனீங்களா?" என்று சாவியை உருவி வீசினேன். அது கேட்டைத் தாண்டி எதிர்ச் சாக்கடையில் போய் விழுந்தது. அவர் எழுந்து போய், விளக்குமாற்றுக் குச்சியால் அரை மணி நேரம் துழாவி எடுத்து, குழாயில் கழுவி, ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே போனார். அதற்குப் பிறகு அவர் எனக்கு எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை.

நானே கற்றுக்கொண்டேன். பயிற்சிப் பள்ளிக்குப் போய் லைசன்ஸ் எடுத்தேன். ஆனால் மோட்டாரை அறிந்துகொண்டது போர்ச்சில்தான். தொலைபேசியில் மலாய்ப் பையன்கள் போடும் வீடியோக்களை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பேன். பழைய பால்மாவு டின்னை அடியில் வைத்து இன்ஜின் எண்ணெயை இறக்கினேன். முதல் தடவை கழுத்துவரை தெறித்தது. பழைய பல் விலக்கும் பிரஷ்ஷால் செயினைத் தேய்த்து அழுக்கெடுத்து எண்ணெய் விட்டேன். அதன் பிறகு செயின் சத்தமே இல்லாமல் ஓடியபோது எனக்கு வந்த சந்தோஷத்தை என்ன சொல்ல! தொழிற்சாலையில் நாள் முழுக்க நான் பார்க்கிற பொருள் எதில் போய்ச் சேரும் என்றே எனக்குத் தெரியாது. இங்கே நான் கழற்றியதை நானே மாட்டி, நானே ஏறிப் போகிறேன். சத்தத்தை வைத்தே எது சரி, எது சரியில்லை என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட்டது.

என் வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்தால் ஒரு பார்வை பார்ப்பார். "ம்," என்பார். குளிக்கப் போய்விடுவார். அவர் குறை சொல்லாததை, நான் தேறிவிட்டேன் என்பதற்கு அடையாளமாக எடுத்துக்கொண்டேன். மனசுக்குள் பெருமைகூட. சில காலைகளில் முதல் நாள் நான் இறுக்கிய நட்டு இன்னும் கொஞ்சம் இறுகியிருப்பதுபோலத் தோன்றும். நம் கை பலம்தான் என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த வருஷம் ஆயுத பூஜை வேலை நாளில் வந்தது. மூன்றரைக்கு ஷிஃப்ட் முடிந்து வந்ததும் கப்சாயைக் கழுவினேன். ஏழரைக்கு அவர் வந்து குளிக்கப் போனதும் அவருடைய மோட்டாரையும் கழுவினேன். நான் சிம்பாங் ரெங்கம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். எங்கள் வீட்டில் ஆயுத பூஜை என்றால் பால்வெட்டுக் கத்தி, மண்வெட்டி, அரிவாள்மனை எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, நல்லெண்ணெய் பூசித்தான் சாமி முன்னால் வைப்பார்கள். இரும்புக்கு எண்ணெய் வைக்காமல் பொட்டு வைத்தால் எனக்குக் குளித்துவிட்டுத் தலை துவட்டாமல் நிற்பதுபோல இருக்கும். அதோடு, எண்ணெய் விட்டால் துரு பிடிக்காது என்று செயினில் நானே கண்ணால் பார்த்தாயிற்று.

முன்சக்கரத்தில் பளபளவென்று ஒரு வட்டத் தகடு இருக்கும். கைப் பிரேக்கைப் பிடித்தால் இரண்டு கட்டைகள் அந்தத் தகட்டை இருபுறமும் கவ்வி வண்டியை நிறுத்தும். தகட்டைக் கழுவிக் கொஞ்ச நேரத்தில் அதில் மெல்லிசாகத் துரு பூத்திருந்தது. பூஜை அன்று துருவா? பஞ்சில் நல்லெண்ணெய் நனைத்து, கப்சாயின் தகட்டைத் துடைத்தேன். அவருடைய மோட்டாரில் தகடு பெரியது. அதை இரண்டு தடவை துடைத்தேன். முந்தின வாரம் ஏதோ ஒன்றுக்கு அவரை நன்றாகத் திட்டியிருந்தேன், அதற்குச் சமாதானமாகவும் இருக்கட்டும் என்று. அவர் மோட்டாரின் பின்சக்கரத் தகட்டுக்குக் கை போகவில்லை, செருப்பு அலமாரி இடித்தது; கப்சாயின் பின்சக்கரத்தில் தகடே கிடையாது. இரண்டுக்கும் சந்தனம், குங்குமம், பூ வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டினேன். அவர் விபூதி பூசிக்கொண்டு, "அழகா இருக்கும்மா," என்றார்.

மறுநாள் நான் எழுந்தபோது அவர் போயிருந்தார். அவர் வண்டி நின்ற இடத்தில் எலுமிச்சம்பழம் நசுங்கிக் கிடந்தது. அதைப் பார்த்து எனக்குத் திருப்தி. காற்றுக்குப் போடும் மேல்ஜாக்கெட்டை, இங்கே மோட்டார் ஓட்டுகிற எல்லாரும் போல, முன்பக்கம் பின்பக்கமாக மாற்றிப் போட்டுக்கொண்டு ஆறே காலுக்குக் கிளம்பினேன். தாமானுக்குள் மெதுவாகத்தான் போனேன், பிரேக் பிடிக்க வேண்டியே வரவில்லை. பெரிய ரோட்டில் ஏறும் சந்திக்கு வந்தபோது வலப்பக்கம் ஒரு கண்டெய்னர் லாரி வந்துகொண்டிருந்தது. கைப் பிரேக்கைப் பிடித்தேன். ஈரச் சோப்பைப் பிடித்ததுபோல வழுக்கியது. இன்னும் அழுத்தினேன். மோட்டார் அது பாட்டுக்குப் போகிறது! காலில் இருந்த பின் பிரேக்கை ஏறி மிதித்தேன். பின்சக்கரம் இழுத்துக்கொண்டு போய், நான் ஒரு பக்கமும் மோட்டார் ஒரு பக்கமுமாகப் புல்லில் விழுந்தோம். லாரி ஹார்ன் அடித்துக்கொண்டே கடந்தது. அதன் காற்று என் முகத்தில் அடித்தது.

பின்னால் வந்த ஒரு மலாய்க்காரர் நிறுத்தி என்னைத் தூக்கிவிட்டார். முழங்கால் சிராய்ப்பு, வேறொன்றுமில்லை. அவர் குனிந்து தகட்டைத் தொட்டு, விரலை மூக்கருகே கொண்டுபோனார். "காக், இனி மின்யாக் மாசாக் கா?" என்றார். அக்கா, இது சமையல் எண்ணெயா என்று கேட்கிறார். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. என் வீட்டுக்காரர் மோட்டாரில் நான் இரண்டு தடவை துடைத்தது ஞாபகம் வந்துவிட்டது.

ஐயோ! அவர் போகிற நேரத்தில் பாலத்துக்குப் போகும் ரோட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஆயிரக்கணக்கான மோட்டார்கள் ஒன்றுக்கொன்று ஒரு கை இடைவெளிகூட இல்லாமல் விரையும். ஒருவர் நிற்கவில்லை என்றால் அவரோடு பத்துப் பேர். அவரை அழைத்தேன். எண் கிடைக்கவில்லை. பாலம் தாண்டினால் அவருடைய மலேசிய எண் எடுக்காது, வேலையிடத்துக்குப் போய்த்தான் சிங்கப்பூர் சிம்மைப் போடுவார். வாட்ஸ்அப்பில் விடாமல் அழைத்தேன்; "பிரேக் பிடிக்காது நிறுத்துங்க," என்று அனுப்பினேன். ஒற்றை டிக். மோட்டாரைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்து போர்ச்சில் உட்கார்ந்தேன். ஆறரை, ஏழு, ஏழேகால். ஒற்றை டிக். முருகா, இந்த மனுஷனை எனக்குக் கொடுத்துவிடு என்று வாய்விட்டு அழுதேன். பக்கத்து வீட்டில் கேட்டிருக்கும், கேட்கட்டும்.

ஏழு நாற்பதுக்கு அவரே கூப்பிட்டார்.

"என்னமா, இத்தனை மிஸ்ட் கால்?"

"எங்க இருக்கீங்க? அடி ஒண்ணும் இல்லியே?"

"வேலைக்கு வந்துட்டேன் லா. எனக்கு என்ன?"

"பிரேக்..."

"ஆமா, முன் பிரேக் பிடிக்கல. கேட்டத் தாண்டினதும் ஒரு தடவ அமுக்கிப் பாப்பேன், அப்பவே தெரிஞ்சுது. நல்லெண்ணெ வாசம் வேற. பின் பிரேக்க வச்சே ஓரமா வந்தேன். பாலத்துக்குக் கிட்ட ஒரு பெட்ரோல் ஸ்டேஷன்ல சோப்புப் போட்டுக் கழுவினேன்."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது. "கேட்டுலயே தெரிஞ்சா, உள்ள வந்து என்னை எழுப்பி ஒரு வார்த்தை சொல்ல மாட்டீங்களா?"

அவருக்குப் பின்னால் யாரோ லாக்கர் கதவை அறைந்து சாத்தும் சத்தம் கேட்டது.

"சொன்னா கத்துவே," என்றார். "ஆசையா பூவெல்லாம் வச்சிருந்தே. காலங்காத்தால எதுக்கு உன்னை அழ வைக்கணும், ஞாயித்துக்கெழம நானே சத்தமில்லாம சரிபண்ணிடலாம்னு... நட்டெல்லாம் அப்படித்தானே பண்றேன். நீ உன் மோட்டார்லயும் தேச்சிருப்பேன்னு எனக்குத் தோணல."

"நான் லாரிக்கு முன்னால விழுந்தேங்க."

"அடிபட்டுச்சா? அடிபட்டுச்சாமா? எங்க அடிபட்டுச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். குரல் உடைந்துவிட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் குரல் உடைந்து நான் கேட்டதில்லை.

கத்த வாயெடுத்தேன். யாரைத் திட்டுவது? லாரிக்கு முன்னால் என்னைக் கொண்டுபோய் நிறுத்தியது நல்லெண்ணெய் மட்டுமில்லை. என்னிடம் ஒன்றைச் சொல்லவே பயந்து ஒரு மனுஷன், பிடிக்காத பிரேக்கோடு பாலம் வரைக்கும் போயிருக்கிறார். நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த அந்த அமைதி முழுக்கப் பயம்.

"இனிமே சொல்லுங்க," என்றேன். "கத்த மாட்டேன்னு சத்தியம் பண்ண முடியாது, அது என்னால ஆகாது. கத்துவேன். கத்தினாலும் சொல்லுங்க."

"சரிமா," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மோட்டாரிலும் எண்ணெய் குடித்த பிரேக் கட்டைகளைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதுசு மாட்டினோம். அவருடையதை அவர் செய்தார், என்னுடையதை நான் செய்தேன். ஒரு மணி நேரம் குனிந்து இடுப்பு விட்டுப்போயிருந்தது. வியர்வை கண்ணில் வழிந்தது. ஒருவழியாக மாட்டி முடித்து நிமிர்ந்தேன்.

அவர் பக்கத்தில் வந்து நின்றார். "அந்த போல்ட் இன்னும் இறுகல," என்றார்.

"அப்ப நீங்களே பண்ணுங்க! எல்லாம் தெரிஞ்சவரு!" ஸ்பேனர் பறந்து கேட்டில் பட்டு விழுந்தது. இன்னும் என்னென்னவோ கத்தினேன். அவர் முகம் வெளிறிப்போனது. கைகளைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தார். ஆனால் உள்ளே போகவில்லை. நான் கத்தி முடித்து மூச்சு வாங்கும்வரை அங்கேயே நின்றார்.

பிறகு, "அந்த போல்ட் இன்னும் இறுகலமா," என்று மறுபடியும் சொன்னார்.

குனிந்து தொட்டுப் பார்த்தேன். இறுகியிருக்கவில்லைதான்.