தள்ளத் தெரியும், தளரத் தெரியாது

ஒலியலைக் கருவியால் இதயத்தைப் படம் பிடிப்பது என் தொழில். அந்தப் படத்தை, என்னை 'மிஸி' என்றழைக்கும் நோயாளிக்கு விளங்க வைப்பது என் தலைவிதி. என்னைப் போல் உபதேசித்துத் தோற்ற தோழர்களே, கேளுங்கள்.

அறுபது மார்க்

காப்பார் என்ற ஊரிலிருந்து எங்கள் பிரிக்பீல்ட்ஸ் கிளினிக்குக்கு வந்தார் அந்தோணி அங்கிள், முன்னாள் லோரி ஓட்டுநர். கால் வீக்கம், படுத்தால் மூச்சு முட்டல். கிள்ளான் தேவாலயத்தில் மகளுக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது. அவள் கையைப் பிடித்து, வாசலிலிருந்து பீடம்வரை இரைக்காமல் நடக்க வேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்டது.

அவருடைய இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் தன்னுள் நிறைந்த இரத்தத்தில் அறுபது விழுக்காட்டை வெளியே தள்ளியது; நல்ல இதயமும் அவ்வளவுதான் தள்ளும். "தள்ளுவது நன்று, ஆனால்..." என்றேன். அந்த 'ஆனால்' அவர் காதில் விழவில்லை. வீட்டுக்குப் போய்க் கருவாட்டுக் குழம்போடு கொண்டாடி, மறுவாரம் இன்னும் வீங்கிய கால்களோடு திரும்பினார். டாக்டர் சீட்டில் எழுதிய 'ஹார்ட் ஃபெயிலியர்' என்ற சொல்லை என்னிடம் காட்டினார்.

"அறுபது எடுத்தும் ஃபெயிலா மிஸி? எங்க காலத்துல நாப்பதுக்கே பாஸ் போட்டாங்களே லா."

அரைக்கதவு ரயில்

உவமை சொன்னேன். இன்ஜின் வலுவான ரயில். கதவுகள் மட்டும் பாதிதான் திறக்கின்றன. ஏற இடமின்றிப் பிளாட்பாரத்தில் கூட்டம் நெரிகிறது. நெடுநாள் இரத்த அழுத்தத்தால் தடித்து விறைத்த இதயச் சுவரும் அப்படியே: தளர்ந்து விரியாது, உள்ளே வரவேண்டிய இரத்தம் பின்தங்கி நுரையீரலை நெருக்கும். உப்பு அந்தக் கூட்டத்தை இன்னும் பெருக்கும். மானிடரே, தள்ளுவது மட்டுமா வலிமை? தளர்ந்து இடங்கொடுப்பதும் வலிமையே!

என் சொல்லில் நானே மயங்கி நின்றபோது அவருடைய மனைவி ரீத்தா ஆன்டி வாய் திறந்தார்.

"வீட்ல இவருக்கு எல்லாமே ரிலாக்ஸ்தான் மிஸி. ஹார்ட் ஒண்ணுதான் வேல செஞ்சிச்சு, அதையும் ரிலாக்ஸ் பண்ணச் சொல்றீங்க."

பீடத்தின் முன்

ஆயினும் ஆன்டி கருவாட்டை வீட்டைவிட்டே விரட்டினார். அழுத்தம் இறங்கியது, நீர் பிரியும் மாத்திரையால் வீக்கம் வடிந்தது. திருமணக் காலையில் அங்கிள் தொலைபேசியில் அழைத்தார்: மாத்திரையை விழுங்கிவிட்டு, பாதி வழியில் மகளை நிறுத்திவிட்டுக் கழிப்பறைக்கு ஓடுவதா? டாக்டரைக் கேட்டேன்; பூசை முடிந்ததும் போடலாம் என்றார்.

கடைசி பெஞ்சில் நான்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அங்கிள் அவசரமின்றி நடந்தார்; பாடகர் குழு அதே பாட்டை மறுபடியும் பாட வேண்டியதாயிற்று. இரைக்காமல் பீடத்தை அடைந்து, மகளின் கையை மருமகனிடம் கொடுத்தார். பூசை முடிந்ததும் நேரே என்னிடம் வந்தார். என் உதட்டில் உபதேசம் தயாராக இருந்தது.

"ஃபாதர் இப்பத்தான் முடிச்சாரு மிஸி, நீங்க தொடங்கிடாதீங்க, தண்ணி குடுங்க, மாத்திரைய போடணும்."

உடம்பில் தேங்கும் நீரை வடிக்க மாத்திரை இருக்கிறது; என்னுள் தேங்கும் உபதேசத்தை வடிக்கத்தான் இன்னும் ஒருவரும் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை.