மூன்றாவது கிளாஸ்

இது நடந்தது. நடுராத்திரியில் அல்ல, ஒரு வெள்ளிக்கிழமை காலை, ஜன்னல் நிறைய வெயில் அடித்துக்கொண்டிருந்தபோது. போதையில் உளறுகிறார் என்று தள்ளிவிடாதீர்கள். அன்று அந்த மனிதர் ஒரு சொட்டுகூட விழுங்கியிருக்கவில்லை.

விஸ்கி ருசி பார்ப்பதுதான் அவருக்கு வேலை. வெளிநாட்டுச் சரக்கை வரவழைத்து விற்கும் கம்பெனியில் இருபது வருஷ சர்வீஸ். எல்லோருக்கும் அவர் மூக்கன். முகர்வார், வாயில் விட்டு உருட்டுவார், பக்கத்திலிருக்கும் வாளியில் துப்புவார், எழுதுவார். அதற்குத்தான் சம்பளம்.

அந்தப் பதவி முதலில் அவருடைய அண்ணனுடையது. தம்பியைக் கம்பெனிக்குள் கொண்டுவந்ததே அண்ணன்தான். ஒரு காய்ச்சலுக்குப் பிறகு அண்ணனுக்கு வாசனை அடியோடு போய்விட்டது. யாரிடமும் மூச்சு விடவில்லை. நிறத்தையும் பழைய குறிப்புகளையும் வைத்து எட்டு மாதம் ஒப்பேற்றினார். மூக்கனுக்கு விஷயம் பிடிபட்டது. தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஒருநாள் முதலாளி முன்னால், விஸ்கி நிறத்திலிருந்த ஆறிப்போன கட்டன் டீயை கிளாஸில் ஊற்றி அண்ணனிடம் நீட்டினார். அண்ணன் வழக்கம்போல் சின்னச் சின்னதாக மூன்று முறை உறிஞ்சி முகர்ந்தார்.

"பழைய பீப்பாய். நல்லா வந்திருக்கு," என்றார்.

அறையே சிரித்தது. அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டாமலே வெளியே போனார். அன்றோடு அண்ணன் தம்பி பேச்சு நின்றது. நான்கு வருஷம். மூன்று வாரத்துக்கு முன் அண்ணன் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறார் என்று சேதி வந்தது. அப்போதும் மூக்கன் போகவில்லை.

"என் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்னவர். நான் எதுக்குப் போகணும்?" என்று மனைவியிடம் எரிந்து விழுந்தார்.

சரி, அந்த வெள்ளிக்கிழமைக்கு வருவோம்.

ருசி பார்க்க மூன்று ஸ்காட்ச் சிங்கிள் மால்ட் விஸ்கி. மூன்றுமே புகை தூக்கலான ரகம். சதுப்பு நிலத்திலிருந்து வெட்டியெடுக்கும் பீட் என்ற மண்ணை எரித்து, அந்தப் புகையில் பார்லியைக் காயவைத்துச் செய்வது. முகர்ந்தால் சிலருக்கு அடுப்படி ஞாபகம் வரும், சிலருக்குத் தார் ரோடு, சிலருக்கு ஆஸ்பத்திரி. மூக்கைச் சீக்கிரம் மழுங்கடித்துவிடும் என்பதால் காலையிலேயே பார்த்துவிடுவார்கள்.

சின்ன அறை. நடுவில் பலகைத் தடுப்பு. இந்தப் பக்கம் மூக்கனின் மேஜை. அந்தப் பக்கம் அண்ணன் உட்கார்ந்த இடம். இப்போது அங்கே காலி அட்டைப்பெட்டிகள்தான். உதவியாளர் பெண் 10.38க்கு மூன்று கிளாஸ்களையும் வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

10.40. முதல் கிளாஸ். புகை, உப்பு. எழுதினார். துப்பினார்.

10.44. இரண்டாவது. தார், எலுமிச்சைத் தோல். துப்பினார்.

மூன்றாவதை எடுக்கப் போன கை நின்றது. வாசனை போகாமல் இருக்க மேலே போட்டிருக்கும் சின்ன மூடி, கிளாஸின் பக்கத்தில் கிடந்தது. அளவும் குறைந்திருந்தது... யாரோ ஒரு வாய் குடித்த அளவுக்கு.

"மூடாமப் போயிட்டா," என்று முணுமுணுத்துக்கொண்டே எடுத்தார்.

கிளாஸ் வெதுவெதுப்பாக இருந்தது. யாரோ உள்ளங்கையில் வெகுநேரம் பிடித்திருந்த மாதிரி.

10.47. தடுப்புக்குப் பின்னால் ஒரு சத்தம்.

ஸ்... ஸ்... ஸ்...

சின்னச் சின்னதாக. மூன்று முறை.

மூக்கன் தடுப்பின் பக்கம் திரும்பினார். எழுந்திருக்கப் பார்த்தார்.

"தம்பி."

மெதுவான குரல். கோபமே இல்லை.

"இது என்ன வாசனை? எனக்குத் தெரியலடா... சொல்லு."

"பு... புகை..."

"அப்புறம்?"

"தார்..."

"அப்புறம்?"

"ஆஸ்பத்திரி. டிங்சர்..."

தடுப்புக்குப் பின்னால் யாரோ மடக்கென்று விழுங்கும் சத்தம்.

"டீ இல்லையே?"

கையிலிருந்த கிளாஸைப் பார்த்தார்.

காலி.

அவர் போட்ட கூச்சலில் உதவியாளர் பெண் ஓடிவந்தாள். தடுப்புக்குப் பின்னால் போய்ப் பார்த்தாள். அட்டைப்பெட்டிகள். அவற்றின் மேல் கலையாத தூசு.

"முழுசா ஊத்தினேன் சார். மூடித்தான் வச்சேன்," என்றாள்.

11.20க்கு அண்ணியிடமிருந்து போன். நான்கு வருஷத்தில் முதல் தடவை.

"உங்க அண்ணன் போயிட்டார்."

அவ்வளவுதான். வைத்துவிட்டாள்.

ஆஸ்பத்திரிக்கு ஓடினார். வார்டு வாசலிலேயே அண்ணி மறித்துக்கொண்டாள். கண்ணில் ஒரு பொட்டு ஈரமில்லை.

"நீங்கதானே வந்து அவர் வாயில சாராயத்தை ஊத்தினீங்க? கடைசியிலகூடவா அவரைக் கேலி பண்ணணும்?"

"சத்தியமா நான் வரவே இல்ல அண்ணி."

"வரவே இல்ல..." என்று அவள் திருப்பிச் சொன்னாள். "அதை உங்க வாயாலயே சொல்றீங்க பாருங்க."

அண்ணன் முகத்தை அவள் கடைசிவரை பார்க்க விடவில்லை. இன்றுவரை அவரை நம்பவும் இல்லை.

திரும்பும்போது தாழ்வாரத்தில் நர்ஸைப் பிடித்துக் கேட்டார். அவளுக்கும் எரிச்சல்தான்.

"மூணு வாரமா அவருக்கு எல்லாமே குழாய் வழியாத்தான் சார். வாயில ஒரு சொட்டுத் தண்ணிகூட விடல. உடம்பைக் கீழ மார்ச்சுவரிக்கு அனுப்பறதுக்காகத் துடைக்கிறேன், பஞ்செல்லாம் புகை நாத்தம், சாராய நாத்தம். நாக்கு நனைஞ்சிருந்துது. யார் உள்ள வந்தது, யார் குடுத்ததுன்னு அந்தம்மாகிட்டயும் கேட்டேன்."

"அது எத்தனை மணிக்கு?"

"பதினொண்ணுக்கு அஞ்சு பத்து நிமிஷம் இருக்கும்."

10.47, என்று மூக்கன் கணக்குப் போட்டார்.

"உயிர் போனது?"

நர்ஸ் கையிலிருந்த தாளைப் புரட்டினாள்.

"காலைல ஏழு பத்துக்கே போயிடுச்சே."