ஆன்டெனாவைத் திட்டிய வில்மார்

பெரூத்தி மாளிகையின் உச்சியில் நின்ற ஆன்டெனாவைத் திட்டாதவர்கள் மொன்டேவிடியோவில் குறைவு. ஆனால் மீனவர் வில்மார் பெசியோ திட்டியதைப் போல யாரும் திட்டியதில்லை. மற்றவர்கள் பேருந்துக்குக் காத்திருக்கும்போது பொழுது போகாமல் திட்டினார்கள். வில்மார் அதை ஒரு வேலையாகவே வைத்துக்கொண்டிருந்தார். கல்யாணக் கேக்கில் செருகிய முள்கரண்டி என்பார். பல் டாக்டர் மறந்துபோய் விட்ட ஊசி என்பார். புசேயோ துறைமுகத்தில் மீன் வாங்க வருகிறவர்களையும் விடமாட்டார்.

"இந்த மீனோட கண்ணு எப்படிப் பளபளன்னு இருக்கு பாருங்க. தண்ணிக்குள்ளயே இருந்ததால தப்பிச்சுது. மேல வந்து அந்தக் கம்பியப் பாத்திருந்தா இதுக்கும் மங்கியிருக்கும்."

மாளிகையைக் கட்டியபோது அதன் தலையில் ஒரு விளக்குக் கூண்டு மட்டும்தான் இருந்தது. உள்ளே வரும் கப்பல்களைப் பார்த்து இரவெல்லாம் கண்சிமிட்டிக்கொண்டிருந்தது. பிறகு தொலைக்காட்சிக்காரர்கள் வந்து விளக்கை அணைத்துவிட்டு, கூண்டின் மேல் அந்த இரும்புக் கோபுரத்தை நட்டார்கள். நகரமே முகம் சுளித்தது.

உண்மையில் அந்த ஆன்டெனாவை மனதார நேசித்தவர் வில்மார்தான்.

ஆறென்று சொன்னாலும் கடலென்று சொன்னாலும் அக்கரை தெரியாத அந்தத் தண்ணீருக்கு அடியில் ஒரு பழைய சரக்குத் தோணி மூழ்கிக் கிடந்தது. அதன் விலா எலும்புகளுக்குள் கொர்வினா மீன்கள் குடும்பம் குடும்பமாகக் குடியிருந்தன. தண்ணீரின் மேல் பெயர்ப்பலகை கிடையாது. கரையைப் பார்த்துத்தான் இடத்தைப் பிடிக்க வேண்டும். படகை நகர்த்தி நகர்த்தி ஆன்டெனாவின் கம்பியைக் கொண்டுபோய், அதற்குப் பின்னால் தெரியும் செர்ரோ குன்றின் இடது தோளில் நிறுத்த வேண்டும். அதே நேரத்தில் கலங்கரை விளக்கம் தண்ணீர்த் தொட்டிக்கு நேர் முன்னால் வர வேண்டும். இரண்டும் ஒன்றுகூடும் இடத்தில் நங்கூரத்தைப் போட்டுவிட்டால், வீட்டில் மனைவி சுல்மா எண்ணெயைக் காய வைக்கத் தொடங்கலாம்.

வாலிபத்தில் தற்செயலாகக் கண்டுபிடித்த இடம் அது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, கட்டிய மனைவி சுல்மாவிடமும் கூட. முக்கியமாக, சுல்மாவின் தம்பி எபேரின் காதுக்குப் போய்விடக் கூடாது. எபேரின் படகு பக்கத்துப் படகு. நல்ல மனிதர்தான், ஆனால் வில்மார் கரையைப் பார்க்கும்போதெல்லாம் அவரும் அதே திசையில் பார்ப்பார். அதற்காகத்தான் இந்தத் திட்டு. ஒருவர் பார்க்கவே சகிக்காத ஒன்றை வைத்து வழி பார்ப்பார் என்று யார் நினைப்பார்கள்? படகில் ஆன்டெனாவுக்கு முதுகு காட்டியே உட்காருவார். மாத்தே என்ற கசப்புத் தேநீர்க் குடுவையில் வெந்நீர் ஊற்றும் சாக்கில் கழுத்தைத் திருப்பி, தொப்பி விளிம்புக்கு அடியில் ஒரு பார்வை பார்த்துக்கொள்வார். அன்றாடம் அத்தனை மாத்தே குடித்ததில்தான் அவருக்கு வயிற்றுப்புண் வந்ததென்று சுல்மா கடைசிவரை நம்பினார். ஒருவகையில் அது சரிதான்.

ஒரு கோடையின் முடிவில் தொலைக்காட்சிக்காரர்கள் தங்கள் சாமான்களை நகருக்கு வெளியே கொண்டுபோய்விட்டார்கள். ஆன்டெனா சும்மா நின்றது. அதை இறக்கிவிட்டுப் பழைய விளக்கை மறுபடி ஏற்ற வேண்டும் என்று லுசார்தோ என்ற கட்டடக் கலைஞர் ஓர் இயக்கம் தொடங்கினார். படித்தவர்கள் மட்டும் பேசினால் எடுபடாது, சாதாரண மக்கள் பேச வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. வானொலிப் பெண் ஒருத்தியை அழைத்துக்கொண்டு துறைமுகத்துக்கு வந்தார்.

"வேற யாரையும் தேடாதீங்க," என்றார் சுல்மா. "இந்த விஷயத்துல எங்க கெழவர மிஞ்ச ஆளில்ல. தூக்கத்துலகூடத் திட்டுவாரு."

வில்மார் வலையில் சிக்கு எடுப்பதில் மும்முரமானார். "நான் மீன்காரன் சார். அழகப் பத்தி எனக்கு என்ன தெரியும்."

பக்கத்துப் படகிலிருந்து எபேர் தலையை நீட்டினார். "என்ன மச்சான், இத்தன வருஷமா எங்க காதுல ஊத்துனத இப்ப மைக்குல ஊத்த வேண்டியதுதான? இல்ல, திடீர்னு அது மேல பாசம் வந்துருச்சா?"

எபேரின் ஒரு கண் லேசாகச் சுருங்கியிருந்தது. தூண்டில் அசைகிறதா என்று பார்க்கும்போது சுருங்கும் அதே கண். வேண்டாம், நிற்கட்டும் என்று இப்போது ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாளைக் காலையில் எபேர் அந்தக் கம்பியைக் குன்றின் மேல் நகர்த்தி நகர்த்திப் பார்க்கத் தொடங்கிவிடுவார். வில்மார் வலையைக் கீழே வைத்தார்.

"ஒரு ராணிக்கு வயசாயிருச்சுன்னு வைங்க. அவ கிரீடத்தக் கழட்டிட்டு, அந்த இடத்துல துணி காயப்போடுற கம்பத்த நடுவீங்களா? அவ ஒண்ணும் சொல்ல மாட்டா. ராணி இல்லையா, பொறுத்துக்குவா. ஆனா தினமும் கடல்லேர்ந்து அவ மூஞ்சியப் பாக்குறவன் நான். எனக்குல்ல தெரியும் அவ படுற பாடு."

"தினமுமா பாக்குற?" என்றார் எபேர்.

வில்மார் வலையை மறுபடி கையில் எடுத்தார். "நான் எங்க பாக்குறேன். அவதான் என்னப் பாக்குறா."

வானொலிப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று மாலை நகரம் முழுக்க அந்தப் பேச்சு ஒலித்தது. மறுவாரம் இயக்கத்துக்கே 'ராணியின் கிரீடம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். வில்மார் போகிற இடமெல்லாம் முதுகில் தட்டினார்கள். ரொட்டிக் கடையில் முன்பின் தெரியாத ஒரு கிழவி அவருக்கு முத்தம் கொடுத்தார். சுல்மா சிகையலங்காரம் செய்துகொண்டு கூட்டங்களுக்குப் போய் முதல் வரிசையில் உட்கார்ந்தார்.

வில்மார் பெரிதாகக் கவலைப்படவில்லை. தன் ஊரை அவர் அறிவார். அவர்கள் தெருவில் ஒரு சாக்கடை மூடியை மாற்றுவதற்குள் மூன்று தேர்தல் வந்து போயிருந்தன. ஆன்டெனா தன் பேரனின் பிள்ளைகளையும் பார்த்துவிட்டுத்தான் விழும் என்று நம்பினார். அந்த நம்பிக்கையில் வேறு அடையாளம் எதையும் குறித்துக்கொள்ளவில்லை. சாவி இரண்டு செய்தால் திருடனும் இரண்டு பேர் வருவான் என்பது அவர் கட்சி.

குளிர்காலத்தில் படகைக் கரையில் கவிழ்த்துப் போட்டு மஞ்சள் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். முதல் பூச்சுகூடக் காயவில்லை, பாரந்தூக்கி வந்துவிட்டது.

ஆன்டெனாவை இறக்கும் நாளில் மாளிகை முன் சதுக்கம் நிறைந்திருந்தது. துண்டு துண்டாக வெட்டி, கயிறு கட்டி இறக்கினார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் கைதட்டல். லுசார்தோ வில்மாரை மேடையருகே நிறுத்திவைத்திருந்தார். கடைசித் துண்டு கூண்டை விட்டு எழும்பியபோது வில்மாரின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. புகைப்படக்காரர்கள் முண்டியடித்தார்கள்.

"மனசு நெறஞ்சு போச்சு இவருக்கு," என்று பக்கத்தில் நின்றவர்களிடம் சொல்லிவிட்டு சுல்மாவும் அழுதார்.

எபேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "காத்து," என்றார் யாரும் கேட்காமலே.

பெயின்ட் காய்ந்தது. காற்று ஓய்ந்த ஒரு காலையில் வில்மார் படகை இறக்கினார். கலங்கரை விளக்கத்தைத் தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் நிறுத்தினார். அதுவரை சரி. கழுத்தைத் திருப்பினார். தோளில் ஒன்றுமே இல்லாமல் குன்று வெறுமனே படுத்திருந்தது. விளக்குக் கூண்டாவது தெரியுமா என்று எக்கிப் பார்த்தார். கடற்கரை அடுக்குமாடிகள் அதை முழுசாக மறைத்திருந்தன. ராணி கிரீடத்தோடுதான் இருந்தாள். கூட்டத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

ஆழம் பார்க்கும் நூல்குண்டை இறக்கிப் பார்த்தார். சேறு. கொஞ்சம் தள்ளி இறக்கினார். அங்கும் சேறு. அந்தக் கோட்டிலேயே முன்னும் பின்னும் போய்வந்தார். தோணி எங்கேயும் அகப்படவில்லை. பின்னால் ஒரு மோட்டார் சத்தம் கேட்டது. கொஞ்ச தூரத்தில் எபேரின் படகு வட்டமடித்துக்கொண்டிருந்தது. எபேரும் குண்டை இறக்குவதும் தூக்குவதுமாக இருந்தார்.

இருவரும் ஒருவரையொருவர் பார்க்காததுபோல் இருந்தார்கள். அப்படி இருப்பதற்கு அந்தத் தண்ணீர் போதவில்லை.

"என்ன மச்சான் தேடுற?" என்றார் எபேர் கடைசியில்.

"தொப்பி விழுந்துருச்சு."

"தலையிலதான் இருக்கு."

"இது வேற தொப்பி. நீ என்ன தேடுற?"

"ஒண்ணும் தேடல. சும்மா காத்து வாங்க வந்தேன்."

"குண்ட எறக்கியா காத்து வாங்குற?"

எபேர் மோட்டாரை அணைத்தார். படகு தானாக மிதந்து வந்து வில்மாரின் புதுப் பெயின்ட்டில் உரசியது. அதற்குக்கூட வில்மார் ஒன்றும் சொல்லவில்லை. அதைப் பார்த்ததும் எபேருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"நீயும் அத வச்சுத்தானா?" என்றார்.

"நீயுமா? அன்னைக்குச் சதுக்கத்துல எல்லாரவிட நீதான சத்தமா கையத் தட்டுன."

"நீ மைக்குல பேசிட்ட. நான் கையாவது தட்டலன்னா சந்தேகப்பட மாட்டியா?"

வில்மார் உரசிய பெயின்ட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

"மச்சான்," என்றார் எபேர், தண்ணீரைப் பார்த்தபடி. "கோச்சுக்கக் கூடாது. உன் எடம் எனக்குத் தெரியும்."

வில்மார் நிமிர்ந்தார்.

"ஒருநாள் நீ நங்கூரம் போட்டப்பறம் மேகம் தாழ எறங்கிருச்சு. உசரத்துல இருந்த எதுவும் தெரியல. அந்த மூட்டத்துல நீ என்னக் கவனிக்கல. நீ கெளம்புனப்பறம் அங்க போய்ப் பாத்தேன். கீழ இருந்ததத்தான குறிக்க முடியும்? படகு கிளப்போட கொடிக்கம்பம், வெள்ள ஹோட்டலோட மூலைக்கு நேரா வரணும். அப்பறம் அந்தச் செங்கல் புகைபோக்கி, கறுப்புப் பாறைக்கு மேல."

"எப்ப?"

"மிர்த்தா கல்யாணத்தப்ப."

மிர்த்தா வில்மாரின் மூத்த மகள். அவளுக்கே இப்போது பள்ளிக்கூடம் முடித்த பிள்ளை இருந்தான்.

"அன்னையிலேர்ந்தா? தூண்டில் போட்டியா?"

"ஒரே ஒரு தடவ. உன் பொறந்தநாளுக்கு. நீ தேன் போட்ட கிராப்பா குடிச்சுட்டு வீட்ல கவுந்து கெடந்த. அக்காகிட்ட ஒரு கொர்வினா கொண்டாந்து குடுத்தேன்ல? ரெண்டாவது தடவ கேட்டு வாங்கித் தின்ன. இவ்ளோ ருசியா மீன் தின்னதேயில்லன்னு சொன்ன."

வில்மார் வாயைத் திறந்து மூடினார். திட்டுவதற்கு நாற்பது வருடப் பயிற்சி இருந்தும் ஒரு வார்த்தை வரவில்லை. கடைசியில் வேறு ஒன்று வந்தது.

"உன் எடம், நாய் வளர்க்குற டாக்டர் வீட்டு மாடம் மீன் சந்தக் கூரைக்கு மேல வரும்போது. வலது பக்கம் நீச்சல் படிக்கட்டு சரியா மறையணும்."

இப்போது வாயைத் திறந்து மூடுவது எபேரின் முறை.

"எனக்கும் ஒரு மூட்டம் வந்துச்சு," என்றார் வில்மார்.

அப்படியாக, தங்கள் இடத்தைத் தொலைத்த இரண்டு பேரும் மற்றவர் சொல்லக் கேட்டு அதை மீட்டுக்கொண்டார்கள். எபேர் முன்னால் போக, வில்மார் கொடிக்கம்பத்தை ஹோட்டல் மூலைக்குக் கொண்டுவந்து குண்டை இறக்கினார். டொக்கென்று மரத்தில் பட்டது. நூல் வழியே அது விரல்வரை வந்தது. கொஞ்ச நேரம் அவர் கையை எடுக்கவில்லை.

அதன்பிறகும் வில்மார் ஆன்டெனாவைத் திட்டுவதை நிறுத்தவில்லை. இல்லாத ஆன்டெனாவை, இருந்தபோது திட்டியதைவிட அதிகமாகத் திட்டினார். ஒருமுறை மட்டும் லுசார்தோவைத் தனியாகப் பிடித்து, "அந்த வெளக்க இன்னும் கொஞ்சம் ஒசத்தி வைக்க வழி இல்லையா சார்? ஒரு கம்பம் மாதிரி எதாவது நட்டு?" என்று கேட்டாராம். லுசார்தோ அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டார்.

வயிற்றுப்புண் பிறகு வேறொன்றாக மாறியது. வில்மார் இறந்தபோது லுசார்தோ வந்திருந்தார். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, இந்த நகரத்தின் அழகுக்காகக் கலங்கிய எளிய மனிதர் என்று பேசினார். ஆன்டெனா இறங்கிய நாளில் அவர் சிந்திய கண்ணீரை நினைவுபடுத்தினார். எபேர் கைக்குட்டையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு வெளியே போக வேண்டியிருந்தது. பாவம், மச்சான் மேல் எவ்வளவு பாசம் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அதில் பொய்யும் இல்லை. வெளியே படியில் உட்கார்ந்து சிரித்து முடித்தவர், எழுந்திருக்க முடியாமல் நெடுநேரம் அங்கேயே இருந்தார்.

சாம்பலைக் கரைக்க அந்த மஞ்சள் படகிலேயே போனார்கள். எபேர் ஓட்டினார். சுல்மா சாம்பல் பெட்டியை மடியில் வைத்திருந்தார்.

"அக்கா, நீ இப்படித் திரும்பி உக்காரு. கரையப் பாக்காத."

"ஏன்டா?"

"கெழவன் சத்தியம் வாங்கிட்டான்."

"பொண்டாட்டிகிட்டகூடவா?"

"முக்கியமா உன்கிட்டத்தான். நீ வாயத் தொறந்தா சந்தைக்கே தெரிஞ்சுரும்னான்."

சுல்மா புருஷனைப் பெட்டியோடு ஒருமுறை முறைத்தார். பிறகு கரைக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். எபேர் கொடிக்கம்பத்தையும் புகைபோக்கியையும் மாறி மாறிப் பார்த்துப் படகை மெல்ல நகர்த்தினார். சுல்மா பெட்டியைத் திறந்தார்.

"இரு, இரு," என்றார் எபேர். "இன்னும் கொஞ்சம் எடது பக்கம்."