புளிபோட்டு விளக்கிய கைச்சங்கிலிகள்

என் தங்கச்சி பூட்டிய வளையத்தின் மேல் நகத்தை வைத்துச் சுற்றிவர இழுத்தால் எங்கேயும் தட்டாது. நான் பூட்டியதில் தட்டும். கம்பியின் இரண்டு நுனிகளும் சந்திக்கிற இடத்தில் ஒரு மயிரிழை அளவுக்கு மேடு நிற்கும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் சாரித் தலைப்பு அதில் மாட்டும், தலைமயிர் சிக்கும். அதனால் ஆரம்பத்திலேயே அவள் வேலையைப் பிரித்துவிட்டாள். "அக்கா, நீங்க வளையத்தைத் திறந்து திறந்து தாங்க. பூட்டுறத எனக்கிட்ட விடுங்க." மூத்தவளுக்கு எடுபிடி வேலை. எனக்குக் கோபம் வந்தது உண்மைதான். ஆனால் அவள் விரல் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்த பிறகு, பேசாமல் வளையங்களைத் திறந்து கொடுக்கத் தொடங்கினேன்.

நாங்கள் செய்தது சங்கிலிப் பின்னல் நகை. சின்னச் சின்னக் கம்பி வளையங்களை ஒன்றுக்குள் ஒன்று கோத்து, துணி மாதிரித் துவளுகிற பட்டியாகப் பின்னுவது. முற்காலத்தில் போருக்குப் போகிறவர்கள் இப்படிச் சட்டையே பின்னிப் போட்டார்களாம். கொரோனா ஊரடங்கில் பாலர் பாடசாலையைப் பூட்டிவிட்டு வீட்டில் குந்தியிருந்த நான், தாடி வளர்த்த ஒரு வெள்ளைக்காரர் அதைச் செய்வதைப் போனில் பார்த்தேன். தங்கச்சிக்குக் காட்டினேன். "இது நம்மட வலைதானே, நூலுக்குப் பதிலாக் கம்பி," என்றாள். அவள் புருஷன் கடலோடு சேர்ந்த வாவியில் மீன் பிடிக்கிறவர். கிழிந்த வலைகளை அவள்தான் பொத்துவாள்.

கம்பிக்கு நாங்கள் எங்கேயும் அலையவில்லை. வீட்டுக்குக் கரண்ட் இழுக்கிறவர்களிடம் மிஞ்சிய வயர்த் துண்டுகளை வாங்கி, மேல்தோலை உரித்தால் உள்ளே செம்பு. அதைச் சைக்கிள் சில்லுக் கம்பியில் நெருக்கமாகச் சுற்றி, கழற்றி, ஒரு பக்கமாக வெட்டிக்கொண்டு போனால் வளையங்கள் உதிரும். பிறகு இரண்டு குறடு. வளையத்தின் வாயை இரண்டு பக்கமும் இழுத்து அகட்டக் கூடாது, வட்டம் கெட்டுவிடும். கதவைத் திறப்பதுபோல ஒரு நுனியை முன்னுக்கும் மற்றதைப் பின்னுக்கும் தள்ளித் திறக்க வேண்டும், அதே வழியில் திருப்பிப் பூட்ட வேண்டும். இதை நான் பழக எத்தனையோ வளையத்தை நாசமாக்கினேன். அவள் ஒரு பின்னேரத்தில் பழகிவிட்டாள்.

முதலில் எல்லாம் சும்மா கொடுத்தவைதான். என்னோடு படிப்பிக்கிற ரீச்சருக்குப் பிறந்தநாளுக்கு ஒரு கைச்சங்கிலி, தங்கச்சியின் மகளுக்கு ஒன்று, கல்லாற்றில் பிள்ளை பெற்றிருந்த சிநேகிதிக்கு ஒன்று. ஊரடங்கு முடிந்து, கிடைத்தவர்கள் வெளியே போட்டுக்கொண்டு திரிய, கேட்டு வருகிறவர்களும் வந்தார்கள். போனில் படம் போட்டோம். காத்தான்குடியில் ஒரு பான்சிக் கடைக்காரர் கொஞ்சம் எடுத்து வைத்துப் பார்த்தார். பின்னல்களுக்குத் தங்கச்சி பெயர் வைத்தாள். ஒன்று கெளுத்தி முள், ஒன்று பாம்பு முதுகு. "பாம்பு முதுகு எண்டு சொன்னா ஆர்கா வாங்குவா?" என்று நான் கேட்டால், "வாங்குறவங்களுக்குச் சொல்லவா போறன்?" என்பாள்.

எனக்கு அது பொழுதுபோக்கு. அவளுக்கு அப்படியில்லை. எங்கள் ஊர் வழக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. மூத்தவளுக்கு அம்மா இருந்த வீட்டைக் கொடுத்துவிட்டு, அதே வளவில் இளையவளுக்குப் புதிதாகக் கட்டுவார்கள். அப்பா அப்படித்தான் செய்தார். என் வீட்டைப் பூசி, நிலத்துக்குச் சிவப்புச் சீமெந்து இழுத்து என் கையில் தந்தார். தங்கச்சியின் வீட்டுக்குச் சுவர் எழும்பிக் கூரையும் போட்ட நேரத்தில் அவர் போய்ச் சேர்ந்தார். அவள் அந்தப் பூசாத சுவருக்குள்ளேயே கலியாணம் முடித்து, பிள்ளை பெற்று, பலகை அடித்த யன்னலோடு இருந்தாள். இப்போது அவளுடைய மகள் வளர்கிறாள். அந்த வீடுதான் மகளுக்குப் போக வேண்டிய வீடு. புருஷனின் மீன்பாட்டை நம்பிக் கல் வீடு முடியாது என்று கணக்குப் போட்டு, வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போக அவள் பாஸ்போர்ட்டும் எடுத்திருந்தாள். செங்கலடியில் இருந்து ஏஜென்சிக்காரர் இரண்டொரு தடவை வந்து போனார். சங்கிலி ஓடினால் போகத் தேவையில்லை. அதுதான் எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த பேச்சு.

அப்படி இருக்கும்போது களுவாஞ்சிக்குடியில் ஒரு பெண்பிள்ளை தன் கலியாணத்துக்கு ஓடர் தந்தாள். தட்டம் தூக்கி வருகிற பெண்பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரே மாதிரி செம்புக் கைச்சங்கிலி. பாதிச் சாரியின் கரைக்குச் செப்பு நிறம் பொருந்துமாம். கெட்டிக்காரப் பிள்ளை, முகம் பார்த்துப் பேசுகிறவள். போகும்போது சொன்னாள்: "அன்ரி, எங்கட மாமாக்கு டவுன்ல கடை இரிக்கு. கலியாணத்தில அவர் பாக்கட்டும். பிடிச்சா மாசாமாசம் எடுப்பார்."

அன்றைக்கே தங்கச்சி ஏஜென்சிக்காரருக்குப் போன் எடுத்து, கொஞ்சம் பொறுக்கச் சொன்னாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

மாரி முழுக்கப் பின்னினோம். நான் திறந்தேன், அவள் பூட்டினாள். தங்கச்சியின் பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்து வளையங்களைத் தரம் பிரித்தாள். வாவிக் காற்றில் உப்பு. செம்பு அந்தக் காற்றில் நாலு நாள் கிடந்தால் கறுத்துவிடும். கலியாணம் தை மாதம். அதற்கு முந்தின நாள் எடுத்துப் பார்த்தால், முதலில் பின்னியவை எல்லாம் பழைய சல்லிக்காசு மாதிரிக் கிடந்தன.

புளி என்று முதலில் சொன்னது யார் என்று எங்கள் இருவருக்கும் இன்றைக்கும் தெரியாது. யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் குத்துவிளக்கை விளக்குகிற கைகளுக்குச் செம்பு கறுத்தால் வேறு என்ன தோன்றும்? பழப்புளியைக் கரைத்து, ஒரு பிடி உப்பும் போட்டு, கிணற்றடியில் குந்தித் தேய்த்தோம். பக்கத்தில் தவிட்டு வாளியை வைத்து, அதிலிருந்து அள்ளிக் கோழிகளுக்குக் குழைத்துக்கொண்டிருந்த பிள்ளை எட்டிப் பார்த்துவிட்டு, "ஆத்தே, பவுண் மாதிரி!" என்று கத்தினாள். உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது. கழுவினோம், துவாயால் துடைத்தோம், மழை இருட்டில் வெயில் இல்லாததால் காற்றாடிக்கு முன்னால் பிடித்தோம். பிறகு ஒவ்வொன்றையும் ஒட்டி மூடுகிற சின்னப் பொலித்தீன் பையில் போட்டு, ரோசா ரிபன் கட்டி அனுப்பிவிட்டோம்.

குத்துவிளக்கு வழுவழுப்பான ஒரே பரப்பு. துணி போகாத இடம் அதில் இல்லை. பின்னலில் துணி வெளியே மட்டும்தான் போகும். வளையமும் வளையமும் தொடுகிற இடங்களில் புளியும் உப்பும் கலந்த ஈரம் நின்றது. போதாக்குறைக்கு அதைக் காற்றுப் புகாமல் பையில் வேறு அடைத்துவிட்டோம். இதெல்லாம் எனக்கு இப்போது தெரியும். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

கலியாணத்துக்கு எங்களுக்கும் சொல்லியிருந்தார்கள். இருவரும் நல்ல சாரி கட்டிக்கொண்டு போய் முன் வரிசைக்கு அடுத்ததில் இருந்தோம். பெண்பிள்ளைகள் தட்டங்களோடு வரிசையில் நின்றார்கள். கடைசியில் நின்ற பிள்ளை தன் மணிக்கட்டைப் பார்த்தாள், பிறகு பக்கத்தில் நின்றவளின் மணிக்கட்டைப் பார்த்தாள். வளையங்களின் இடுக்கெல்லாம் பச்சை. வியர்வை பட்டதும் அது இளகி, கையில் கோடு விழுந்து, ஒரு பிள்ளையின் வெள்ளைச் சட்டைக் கையில் அப்பிப் பிரண்டிருந்தது. அந்தப் பிள்ளையின் தாய் ஓடி வந்து கழற்றினாள். "என்ன கறுமம் இது, பாசி புடிச்ச கயிறு மாதிரி!" என்று அவள் சொன்னது பின்வரிசை வரைக்கும் கேட்டது. ஒவ்வொருத்தியாகக் கழற்றினார்கள். யாரோ எல்லாவற்றையும் ஒரு சொப்பிங் பையில் போட்டு எங்கள் கதிரைக்குக் கீழே வைத்துவிட்டுப் போனார்கள்.

கலியாணப் பொம்பிளை பிறகு எங்களைக் கண்டு, "பரவால்ல அன்ரி, நீங்க வந்ததே போதும்," என்றாள். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். கடைக்கார மாமா எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. வீட்டுக்கு வர முதலே அந்தக் கைகளின் படம் போனில் வந்துவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

வீட்டுக்கு வந்து தங்கச்சி சாரியைக்கூட மாற்றவில்லை. குறடுகளுக்குத் தேங்காய் எண்ணெய் பூசி, பழைய துணியில் சுற்றி என் அலுமாரிக்குள் வைத்தாள். அடுத்த நாள் ஏஜென்சிக்காரருக்குப் போன் எடுத்தாள்.

நான் கத்தினேன். நான் கத்துகிற ஆள்தான், அதை மறைத்து என்ன? "ஒரு கலியாணத்தில பிழைச்சதுக்குப் புள்ளைய விட்டுட்டுக் கடல் தாண்டிப் போறதாகா? கொஞ்சம் பொறு. சனம் மறந்திரும். மறுகாத் தொடங்குவம்," என்றேன்.

அவள் குரலை உயர்த்தவில்லை. "ஒங்கட சுவருக்குப் பூச்சு இரிக்கு அக்கா," என்றாள். "அதால ஒங்களுக்குப் பொறுக்க ஏலும்."

நான் நின்ற இடமே என் பூசிய சுவருக்குப் பக்கத்தில்தான். பங்குனி முடிய முதல் அவள் போய்விட்டாள். பிள்ளை பின்னேரங்களில் என் வீட்டில் படித்தாள், இரவில் தகப்பனோடு போய்ப் படுத்தாள்.

அந்த சொப்பிங் பையை எறிய மனம் வரவில்லை. ஒரு நாள் மனம் கேளாத விசரில் அதிலிருந்து ஒன்றை எடுத்து மறுபடியும் புளி போட்டுத் தேய்த்து, கழுவி, கோழிக்கூட்டுக்கு மேலே இருந்த ஆணியில் கொழுவினேன். பிறகு காணவில்லை. காகம் கொண்டு போயிருக்கும் என்று விட்டுவிட்டேன். தவிட்டு வாளி அடிக்கு வந்த பிறகுதான், ஆணியிலிருந்து வாளிக்குள் விழுந்து கிடந்த அது, கோழிக்கு அள்ளப் போன கையில் தட்டுப்பட்டது. ஊதினேன். பவுண் மாதிரி இருந்தது. இடுக்கெல்லாம் திறந்து பார்த்தேன், ஒரு பொட்டுப் பச்சை இல்லை. மில்லில் இருந்து சாக்கில் வருகிற சாதாரணத் தவிடு, உள்ளே நின்ற ஈரத்தை எல்லாம் குடித்திருந்தது. நம்பாமல் பையில் கிடந்த மற்றவற்றையும் அப்படியே தேய்த்துக் கழுவி, தவிட்டுக்குள் போட்டுக் குலுக்கி எடுத்தேன். வாரக்கணக்காக வைத்துப் பார்த்தேன். மெல்ல மெல்லக் கறுத்தனவே தவிர, பச்சை பிடிக்கவில்லை.

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை என்பார்களே, அதைவிடக் கேவலம் இது. வெண்ணெய் பக்கத்தில் குழைபட்டுக்கொண்டு இருந்தபோது நாங்கள் காற்றாடியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கோழிக்கூட்டடியில் இருந்து கொஞ்ச நேரம் அழுதேன். தங்கச்சி வெள்ளிக்கிழமைகளில் போன் எடுப்பாள். பிள்ளை சாப்பிட்டதா, மழை பெய்ததா, பூச்சு வேலைக்கு மேசனைப் பிடித்தாயிற்றா என்று பேசுவோம். தவிட்டைப் பற்றி நான் சொல்லவில்லை. போன பிறகு சொல்லி அவளுக்கு என்ன?

அடுத்த வருடம் பிள்ளை பெரியபிள்ளை ஆனாள். தாய்க்கு லீவு கிடைக்கவில்லை. சடங்கை என் வீட்டில்தான் வைத்தோம். தங்கச்சி அனுப்பிய சாரியைக் கட்டி, மாமிமார் குரவை போட, பிள்ளையை மணையில் இருத்தினோம். பவுண் மாலைக்குக் கீழே நான் பின்னிய ஒரு செம்புச் சங்கிலியையும் போட்டுவிட்டேன், கெளுத்தி முள். திறந்ததும் நான்தான், பூட்டியதும் நான்தான்.

போனில் தங்கச்சியின் முகம் வந்தது. தலையில் சீலையைப் போட்டுக்கொண்டு, யாரோ ஒருவரின் குசினியில் நின்றாள். பின்னால் சுவர் முழுக்க வெள்ளை ஓடு பதித்திருந்தது. மகளைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தாள். பிறகு, "கழுத்தில என்னகா அது? கிட்டக் காட்டுங்க அக்கா," என்றாள். காட்டினேன்.

"பச்சை புடிக்கல்லயே. என்ன பூசின நீங்க?"

ஏதாவது பூச்சு, கடையில் வாங்கியது என்று சொல்லியிருக்கலாம். என் வாய் எந்தக் காலத்தில் எனக்கு உதவியது? "ஒண்ணும் பூசல்ல. புளி போட்டுப்போட்டுத் தவிட்டுக்குள்ள போட்டுக் குலுக்கின."

"என்ன தவிடு?"

"கோழிக்கு வைக்கிற தவிடுதான்."

அவள் கண் என்னை விட்டு எங்கேயோ போனது. எங்கள் கிணற்றடியைத்தான் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

"அண்டைக்கு நம்மளுக்குப் பக்கத்தில இருந்த வாளியா, அக்கா?"

"ஓம்."

உள்ளேயிருந்து யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். அவள் திரும்பி அவர்கள் பாசையில் ஏதோ பதில் சொன்னாள். மறுபடியும் போனுக்கு முகத்தைக் கொண்டுவந்து, மகளின் கழுத்தைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "வலப் பக்கம் மேல ஒரு வளையம் சரியாப் பூட்டல்ல அக்கா. புள்ளைட மயிர் சிக்கும்," என்றாள். அதோடு போனில் படம் நின்றுவிட்டது.

நான் பிள்ளையின் பின்னலை விலக்கி, அவள் சொன்ன இடத்தில் நகத்தை வைத்துப் பார்த்தேன். தட்டியது.